டிவி கேம் பெட்டியோடு அரியலூர் போய் வந்தது

பூலாம்பாடி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் இவர்கள். நான். மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்குகிறேன். என் மனைவி செல்வி. அவள் தம்பி ராசு, வயது நாற்பத்தொன்று, எங்களோடுதான் இருக்கிறான். வேறு யாரும் இல்லை. ராசுவின் இடது தோளில் துணிப்பை, அதற்குள் டிவி கேம் பெட்டி. செல்வியின் கையில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால்.

எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு ராசு வாங்கிக் கொடுத்த பெட்டி அது. எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய கூலியில் வாங்கினான். கேசட்டைச் சொருகி டிவியில் ஆடுவது. இரண்டு ரிமோட். எங்களிடம் இருந்தது ஒரே கேசட், விமானம் சுடும் ஆட்டம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து நானும் அவனும் ஆடுவோம். அவன் எடுத்த பெரிய எண்ணைப் பெட்டியின் அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறான். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு. நான் முப்பதாயிரத்தைத் தாண்டியதில்லை.

போன வருஷத் தையில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் அவன் வலது கை போய்விட்டது. மணிக்கட்டு வரை. மிஷினை நிறுத்தியது நான்.

அதன்பிறகு அவன் எதுவும் கேட்பதில்லை. போட்டால் சாப்பிடுவான். கூப்பிட்டால் வருவான். ஒரு வருஷம் அப்படியே போனது. போன மாதம் ஒரு மத்தியானம் அவனாகவே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினான். துடைத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தான். செல்விக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கேசட்டைச் சொருகினான். படம் வரவில்லை. நாலு தடவை சொருகிப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து முன்னைவிட மோசம்.

பெரம்பலூரில் மூன்று கடைகளில் கேட்டேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். மூன்றாவது மொபைல் கடைக்காரர், இந்த மாதிரிப் பழைய பெட்டிக்கெல்லாம் அரியலூரில் ஒரு டீச்சர் வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பார் என்று நம்பர் கொடுத்தார்.

போகலாம் என்று கூப்பிட்டபோது ராசு வரவில்லை என்றான். "ஒத்தக் கையில என்னத்த ஆடறது?"

"நீ ஆட வேணாம். பொட்டியப் புடிச்சுக்கிட்டு வா. மாமாவுக்கு முதுகு வலி" என்றாள் செல்வி. எனக்கு முதுகு வலி இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

காலை ஆறு மணி. பஸ் வந்தது. பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொல்வார்கள். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். அரும்பாவூரில் கூட்டம் ஏறியது. கிருஷ்ணாபுரம் தாண்டும்போது விடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அறுத்த காடு, மக்காச்சோளத் தட்டை காய்ந்து நின்றது. ராசு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து என்ன என்று கேட்டார். டிவி கேம் என்றேன்.

"இது இன்னும் உசுரோட இருக்கா?"

"இல்ல. அதுக்குத்தான் போறோம்" என்றேன். அவர் லக்கேஜ் டிக்கெட் போடவில்லை.

ஏழே கால். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட். டீ பன்னிரண்டு ரூபாய். ராசு டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டான். பையை இறக்கி வை என்றேன். இறக்கவில்லை.

ஏழரைக்கு அரியலூர் பஸ். இருபத்தெட்டு ரூபாய். பேரளி, சித்தளி என்று பழகிய பெயர்கள் வரை பருத்தியும் வெங்காயமும். அதற்கப்புறம் சாலை லாரிக்காரர்களுடையது. சுண்ணாம்புக்கல் ஏற்றித் தார்ப்பாய் போட்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. சாலையோர வேப்பமரமெல்லாம் மாவு பூசின மாதிரி வெளுத்து நிற்கிறது. பார்க்காதவர்கள் பனி என்றுகூட நினைக்கலாம். ஜன்னலைச் சாத்தினோம்.

எட்டே முக்கால். அரியலூர். ரயில் லைனை ஒட்டிய தெரு. ஓட்டு வீடு, முன்னால் மாதா படம், பக்கத்தில் காலிங் பெல். அழுத்தினேன். டீச்சரின் வீட்டுக்காரர் அந்தோணி வந்தார். அவரும் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். டீச்சர் பூசைக்குப் போயிருக்கிறார், ஒன்பதரைக்கு வந்துவிடுவார் என்றார். உட்காரச் சொல்லி இட்லி வைத்தார். வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம்.

முன் அறையில் உட்கார இடம் தேடவேண்டும். சுவர் நெடுகப் பழைய கம்ப்யூட்டர்கள். கீபோர்டுக்குள்ளேயே உடம்பு முழுக்க இருக்கிற ரகம் சில. டிவி மாதிரி பின்பக்கம் பெருத்தவை சில. ஒன்றில் பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட்டதை டீச்சர் எடுத்து வந்தாராம். உள்ளே டிஸ்க் செத்துப்போய், கேமராவில் போடுகிற மெமரி கார்டை அதற்குப் பதிலாக வைத்து ஓட்டுகிறார். பரீட்சைக் கேள்வித்தாள் எல்லாம் இன்னும் அதில்தான் அடிக்கிறாராம். யாரிடமும் படிக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார் என்றார் அந்தோணி.

ஒன்பது நாற்பது. டீச்சர் வந்தார். பெயர் ஜெசிந்தா. பூர்வீகம் ஏலாக்குறிச்சிப் பக்கம். கணக்கு டீச்சர். கைப்பையை மாட்டிவிட்டு நேராக மேஜைக்கு வந்தார். ராசுவின் கையைப் பார்த்தார். ஐயோ பாவம் எதுவும் சொல்லவில்லை. "எந்த மிஷின்ணே?" என்று கேட்டார். "சோளம் அடிக்கிறது" என்றான். சரி என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். மேஜைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரயில் போனால் மேஜை ஆடும். ஈயம் பற்றவைக்கிற கம்பியைப் பிடித்திருக்கும்போது ரயில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கிக்கொள்வார். கடைசிப் பெட்டி போகும் வரை தூக்கியபடி அசையாமல் இருப்பார். போனதும் விட்ட இடத்தில் வைப்பார். எந்த ரயில் எப்போது என்று அவருக்கு மனப்பாடம். நாங்களும் ரயில் வந்தால் பேச்சை நிறுத்தினோம்.

பெட்டியைத் திறந்தார். கண்டன்சர் என்கிற சின்ன உருளை ஒன்று உப்பியிருந்தது. அதை மாற்றினார். எங்கள் புது டிவியில் பழைய ஆன்டெனா ஒயர் சேராது என்று பின்பக்கம் துளை போட்டு வேறு ஒயர் வெளியே எடுத்தார். அவருடைய கேசட் ஒன்றைச் சொருகினார். படம் வந்தது. அப்படியானால் பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கேசட்டில் என்றார்.

கேசட்டின் திருகைக் கழற்றினார். உள்ளே இருந்த சர்க்யூட் பலகை பச்சை பிடித்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடியும் மோந்தார்.

"அண்ணே, இதுல என்ன ஊத்துனீங்க? புளி வாசம் வருது."

எனக்குத் தெரியவில்லை. ராசுவைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை. செல்வி வெங்காயப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். ராசு பெட்டியை இறக்கிய அன்று சாயங்காலம், அவன் வெளியே போயிருந்தபோது கேசட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அடியில், பெட்டிக்குள் சொருகுகிற மஞ்சள் பல் வரிசை கறுத்திருந்தது. பித்தளைதானே என்று நினைத்தாள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல புளியும் உப்பும் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் விளக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, இருந்த கொஞ்ச வெயிலில் வைத்திருக்கிறாள். பளபளவென்று வந்ததாம். நாளைக்குச் சொருகும்போது தம்பி பார்க்கட்டும் என்று சொல்லாமல் வைத்தாள். படம் வராததும் சொல்ல வாய் வரவில்லை.

"நீதானாக்கா?" என்றான் ராசு.

"நான்தான்டா."

அவன் மேஜையில் திறந்து கிடந்த கேசட்டைப் பார்த்தான். பிறகு, "நான்தான் எடக்கையால கோணலாச் சொருகி ஒடச்சுப்புட்டேன்னு இருந்தேன்" என்றான். "எடக்கைக்கு இதுகூட ஆவலயேன்னு."

ஒரு மாதம் அவன் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் ஊத்தித் திரி வைக்காம விட்டியே" என்றான் ராசு. முதலில் சிரித்தது அவன்தான். அப்புறம் டீச்சர். பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தேன். அந்தோணி என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஆனது. ஸ்பிரிட் போட்டுப் பச்சையைத் துடைத்தார். பென்சில் ரப்பரால் பல் ஒவ்வொன்றையும் தேய்த்தார். பித்தளைப் பாத்திரத்துக்கு மட்டும்தான் புளி, இதற்கு ரப்பர் போதும் என்று செல்வியிடம் சொன்னார். பலகையில் மின்சாரம் போகிற செம்புக் கோடு ஒன்றைப் புளி தின்றுவிட்டிருந்தது. தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பி எடுத்து அந்த இடத்தில் பாலம் மாதிரிப் பற்றவைத்தார். நடுவில் மூன்று ரயில் போனது.

பன்னிரண்டு மணிக்குச் சொருகினார். எங்கள் விமானம் வந்தது.

டீச்சர் ரிமோட்டை ராசுவிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. மாமா ஆடட்டும் என்றான். வலது பக்கப் பொத்தான்தான் சுடுவது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஓட்டுற கை இருக்குல்லண்ணே. சுடுறதுக்குத்தான ஆள் வேணும். அதக் காலுக்குக் கொடுத்துருவோம்" என்றார் டீச்சர்.

அதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும், அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற ரகம். டப்பாவில் தேடினார், இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரிக் கடை எதுவும் திறந்திருக்காது. எழுந்து வாசலுக்குப் போனார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, திருப்புளியால் தன் வீட்டுக் காலிங் பெல் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு யாராச்சும் வந்தா?" என்றார் அந்தோணி.

"கையிருக்குல்ல, கதவத் தட்டட்டும்" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் வந்தா எடக்கையாலதான் தட்டுவேன் டீச்சர். கொஞ்சம் காதக் கொடுத்துக் கேளுங்க" என்றான் ராசு.

ஒரு சாய்வான மரக்கட்டையில் சுவிட்சைத் திருகினார். ரிமோட்டைத் திறந்து, சுடும் பொத்தானிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து அதில் சேர்த்தார். தரையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள் என்றார். ராசு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். ரிமோட்டைத் தொடையில் வைத்து இடது கையில் பிடித்தான்.

முதல் ஆட்டம் நொடியில் முடிந்தது. நானூறு. கால் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அடுத்தது தொள்ளாயிரம். இடையில் யாரோ வந்து வாசலில் பெல்லைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தோணி போய்க் கதவைத் திறந்தார். பால்காரர். ராசு திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நாக்கு உதட்டோரம் வந்திருந்தது. இரண்டு கையோடு ஆடிய காலத்திலும் அப்படித்தான் வரும்.

கால் வலிக்கும் வரை ஆடினான். எண் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு எனக்குக் கொடுத்தான். நான் இரண்டு கையால் ஆடி எழுநூறில் செத்தேன். "மாமா இன்னும் திருந்தல" என்றான்.

இரண்டே கால். புறப்பட்டோம். டீச்சர் சாமான் விலை மட்டும் நூற்று எண்பது வாங்கிக்கொண்டார். பெல் சுவிட்சுக்கு வாங்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு நன்றி சொல்ல வராது. செல்வி வெங்காயத்தைக் கொடுத்தாள். அந்தோணி பஸ் ஸ்டாண்ட் வரை வந்து ஏற்றிவிட்டார். அவர்கள் வாசலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர் முனை டேப் சுற்றித் தொங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்பின் தெரியாத மூன்று பேருக்காக வீட்டு மணியைக் கழற்றிக் கொடுத்தவர்கள். எங்கள் வீட்டில் கழற்றிக் கொடுக்க மணி இல்லை. கதவையும் பகலில் சாத்துவதில்லை. அரியலூர் தூசி ஊர், லாரி ஊர் என்று இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்லமாட்டேன்.

நான்கு மணி. பெரம்பலூர். பூலாம்பாடி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மூவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். ராசு பெட்டியை வெளியே எடுத்து மடியில் கவிழ்த்தான். பேனா கேட்டான். என்னிடம் இல்லை. பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் செல்வி போய் வாங்கி வந்தாள். கை போனதிலிருந்து அவன் எழுதியதில்லை. பேங்கில்கூடக் கைரேகைதான். பெட்டி நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். பழைய எண்ணுக்குக் கீழே, இடது கையால், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி எழுதினான். பேனாவைத் திருப்பிக் கொடுக்க அவனே எழுந்து போனான்.

இரண்டாயிரத்து அறுநூறு.