வெள்ளிக்கிழமை கொடுக்காத பஸ் காசு

எனக்கு எண்பத்தைந்து வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் தங்கையுடையது. ஐந்தும் இந்தச் சிட்னியில் படித்துப் பட்டம் எடுத்தன. நான் ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள். அதனால் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் வேறு யாருடையதையாவது வாசிக்கலாம், எனக்குக் குறை இல்லை.

பிள்ளைகளுக்கு முன்னமே பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைக்காரருக்குத்தான் இடம் என்ற சட்டத்தை இந்த நாடு கைவிட்ட கையோடு நாங்கள் வந்து இறங்கினோம். என் கணவர் கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்தவர். இங்கே அவருக்கு ரயில்வே வேலைத்தளத்தில், சாமான் எடுத்துக் கொடுக்கும் அறையில் வேலை கிடைத்தது. எனக்கு நகரத்துக்கு நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில், விளையாட்டுச் சங்கக் கட்டடத்தில் துப்புரவு வேலை. ஏழு வருடம் செய்தேன். அதைச் சொல்லும்போது நான் ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை.

அந்தக் கட்டடத்தைத் துடைத்தவளுக்கு அதன் வரவு செலவு தெரியாமல் போகாது. படிப்புக்குக் காசு வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன காலம். ஆனால் சேருகிற ஒவ்வொரு மாணவரும், ஆணோ பெண்ணோ, விளையாடுகிறவரோ இல்லையோ, விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரே தொகை கட்டவேண்டும். படிப்பு இலவசம் என்றதும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். சங்கத்தின் காசும் குவிந்தது. பழைய ஸ்குவாஷ் அறைகளுக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு வெட்டினார்கள். கிரேன் வந்தது. ஒரு மண்டபம் எழும்பத் தொடங்கியது. படகோட்டும் பொடியன்களுக்குப் புதுப் படகு வந்தது. காற்பந்துப் பொடியன்களுக்கு இரண்டு வகை ஜெர்சி வந்தது.

பெண்களின் ஹொக்கி அணிக்கு உடை மாற்றக் கிடைத்தது, முன்பு வலைகள் போட்டு வைத்த ஒரு சாமான் அறை. ஜன்னல் இல்லை. சேற்றுச் சப்பாத்து மணமும் நோவெண்ணெய் மணமும் உள்ளேயே நின்றுவிடும். விளையாட மைதானமும் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. நகரசபையின் பூங்காவில் வாடகைக்கு விளையாடினார்கள். விளையாடமுன் நாய் போட்டதை அள்ளுவது கப்டனின் வேலை. அந்தக் கப்டன் உயரமான, சிவந்த முகக்காரி. நாட்டுப்புறத்தில் செம்மறி வளர்க்கும் குடும்பம். கத்திப் பேசுவாள், ஆனால் நான் துடைத்த தரையில் ஒருநாளும் சேற்றோடு கால் வைத்ததில்லை.

அணியின் கோல் காப்பாளி எங்கள் ஆட்களின் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை. தகப்பன் கொழும்பிலிருந்து வந்த டொக்டர். பத்தொன்பது வயது. பேச்சில் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. முதல்நாள் அவள் என்னை அந்த அறையில் கண்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, "அன்ரி, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டபோது, கையில் இருந்த வாளியை நான் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கட்டடத்தில் என்னை யாரும் அன்ரி என்று கூப்பிட்டதில்லை. பிறகு அவளுடைய காலுறைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக் கொடுப்பேன். மற்றப் பெண்களின் காலுறைகளும் மெல்ல மெல்லப் பின்னால் வந்து சேர்ந்தன. அது வேறு கதை.

அணியின் காசுப்பெட்டியும் அவளிடம்தான் இருந்தது. பெட்டி இருந்தது, காசு இல்லை.

அந்த வருடம் மெல்பேர்ணில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போட்டி வாரம். பெண்களின் ஹொக்கி முதல் தடவையாகத் தகுதி பெற்றிருந்தது. போய்வரும் செலவில் பாதியைச் சங்கம் தரும். ஆனால் போய்வந்து பற்றுச்சீட்டுக் காட்டிய பிறகுதான் தரும். காற்பந்துக்காரருக்குப் பழைய மாணவர்கள் முன்னதாகவே கை கொடுப்பார்கள். இந்தப் பெண்களுக்குப் பழைய மாணவிகள் என்று யார்? அப்போதுதான் தொடங்கிய அணி. பஸ்காரன் முழுக்காசையும் முன்னதாகக் கேட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஜன்னல் இல்லாத அறையில் நான் துடைக்கப் போனபோது, பதினான்கு பெண்களும் காலிப் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள்.

"சீட்டுப் பிடிப்பமே?" என்று நான் கோல் காப்பாளியைக் கேட்டேன்.

அவளுக்குச் சீட்டு என்றால் தாய் சொல்லிக் கேட்ட ஞாபகம் மட்டும். நான் விளங்கப்படுத்தினேன், அவள் மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பத்துப் பங்கு. மாதாமாதம் எல்லாரும் ஒரே அளவு போடவேண்டும். சேருகிற மொத்தக் காசையும் மாதம் ஒரு பங்குக்காரர் எடுத்துக்கொள்வார். பெண்கள் சேர்ந்து ஐந்து பங்கு, துப்புரவுக்காரரும் கன்ரீன்காரரும் ஐந்து பங்கு. முதல் மாதக் காசு, சீட்டுப் பிடிக்கிறவள் என்ற முறையில், எனக்கு வரவேண்டியது. அதை நான் அணிக்கு விட்டேன். கப்டன் இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கோல் காப்பாளி என் தலையைச் சுட்டிக் காட்டினாள்.

மற்றப் பெண்டுகளைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. என்னோடு துடைக்கிற கிரேக்கக்காரி ஒருத்தி, மூன்று பிள்ளைகளின் தாய், நான் பாதி சொல்லமுன்னமே தலையாட்டினாள். இப்படி ஒன்று அவளுடைய ஊரிலும் உண்டாம். சம்பள நாளில் எல்லாரும் போட்டார்கள். காசு என் வீட்டுக்கு வந்தது. ஹோம்புஷில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சாமிப்பட அலுமாரிக்குள், ஒரு தகர பிஸ்கட் ரின்னில் வைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் மத்தியானத்தோடு வேலை முடிந்து, தலைக்கு முழுகி, விளக்கு வைத்திருந்தேன். மூன்று மணியிருக்கும். கோல் காப்பாளி மூச்சு வாங்க வந்து நின்றாள். பஸ்காரன் ஐந்து மணிவரைதான் பொறுப்பானாம், காசைத் தாங்கோ என்றாள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காசு வெளியே போகாது. என் தாய் கொடுத்ததில்லை, மாமியார் கொடுத்ததில்லை. கடைச் சாமானைக்கூட வியாழனே வாங்கி வைத்துவிடுவேன். அதுவும் விளக்கு எரியும்போது, சாமி முன்னிருந்து இவ்வளவு காசை எடுத்துக் கொடுப்பதா? எனக்குக் கை வரவில்லை.

"நாளைக்கு விடியவே வா பிள்ளை. வெள்ளிக்கிழமை நான் காசு குடுக்கிறேல்லை," என்றேன்.

"அன்ரி, பஸ்காரனுக்கு வெள்ளிக்கிழமை இல்லையே."

"சனிக்கிழமையும் கடை திறந்துதானே இருக்கும்? நாளைக்கு வா."

அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி அன்ரி, போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கொடுத்த மோதகத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

சனிக்கிழமை காலை அவளிடம் காசைக் கொடுத்தேன். பஸ்காரனின் கந்தோர் சனி ஞாயிறு பூட்டு. திங்கட்கிழமை போனபோது அந்தப் பஸ் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. எங்கும் வேறு பஸ் இல்லை. போட்டி வாரத்துக்கு எல்லாரும் பிடித்துவிட்டார்கள்.

இது எனக்குத் திங்கள் பின்னேரம்தான் தெரிந்தது, அதுவும் அவள் சொல்லி அல்ல. நான் குளிக்கிற பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் கப்டன் கத்தினாள். என் இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனால் ஏச்சு எந்த மொழியிலும் விளங்கும். காசு கையில் இருக்க இரண்டு நாள் என்ன செய்தாய், படுத்துக் கிடந்தாயா, உன்னை நம்பியது எங்கள் பிழை என்றாள். இன்னொருத்தி, டொக்டரின் மகளுக்கு என்ன, அவள் பிளேனில் போவாள் என்றாள். எங்கள் பிள்ளை, மறந்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மறந்துவிட்டாளாம்.

நான் துடைக்கிற தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன். என்னைப் பெருமைக்காரி என்று சொல்வார்கள், அது உண்மை. நான் யாருக்கும் முன்னால் குனிந்ததில்லை. அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காதபடியால் நான் அப்படியே துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வந்திராது.

சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். கை ஈரம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: அவள் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள், கேட்டாள், நான் கொடுக்கவில்லை, எங்கள் சாமிக்கு அது கூடாத நாள், பிழை என்னுடையது, அவளுடையது இல்லை. அதைச் சொல்ல எனக்கு இருந்த சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான். இரண்டு தரம் சொன்னேன்.

கப்டனின் முகம் இன்னும் சிவந்தது. அவள் போய் எங்கள் பிள்ளையின் தலையைப் பிடித்துத் தன் தோளில் ஒரு முட்டு முட்டினாள். அவர்கள் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

வெளியே வந்ததும், ஏன் பிள்ளை சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"நீங்கள் சாமிக்கு முன்னாலை நிண்டு சொன்னனீங்கள், அன்ரி. அதை நான் இவையளுக்கு என்னெண்டு விளங்கப்படுத்திறது? சிரிச்சிருப்பினம்."

என்னைப் பார்த்து ஆட்கள் சிரிக்கக்கூடாது என்பதற்காக அவள் ஏச்சு வாங்கியிருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை.

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. போட்டிக்கு ஒன்பது நாள். கட்டடத்தில் இருந்த போனில் என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லட்சுமியைப் பிடிச்சு வைச்சனீர், பஸ்ஸை விட்டிட்டீர்," என்றார். பிறகுதான் உருப்படியாக ஒன்று சொன்னார். பகலில் மெல்பேர்ணுக்கு ஓடும் ரயிலில் கூட்டமாகப் போனால் கட்டணத்தில் கழிவு உண்டு, நாளைக்குக் காலை தானே விசாரித்து இடம் பதிவதாகச் சொன்னார். ஆனால் கழித்தாலும் பஸ்ஸை விடக் கூட. சீட்டுக் காசு போதாது.

என் அரைகுறை இங்கிலீஷோடு நான் சங்கத்தின் மனேச்சரிடம் போனேன். முன்பு காற்பந்து ஆடி மூக்கு உடைந்த மனிதர், நல்லவர், ஆனால் புத்தகத்தில் உள்ளபடிதான் நடப்பார். பாதிக் காசை முன்னதாகத் தரமுடியுமா என்று கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். இந்தப் பெண்களும் அதே காசுதானே கட்டுகிறார்கள் என்றேன். அவர் ஜன்னலால் கிரேனைக் காட்டி, காசெல்லாம் அதற்குள் போகிறது என்றார். அதையும் நான்தான் துடைக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, காசு வரவில்லை. திரும்பி வந்த அன்றே பற்றுச்சீட்டைக் கொண்டுவந்தால், கமிட்டி கூடும்வரை காக்காமல் தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். அதையாவது வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சம் ஒரு வழிதான். இரண்டாம் மாதக் காசை இப்போதே போட்டு, அதையும் அணிக்கு விடச் சொல்லி என் பெண்டுகளைக் கேட்கவேண்டும். இரண்டாம் மாதம் கிரேக்கக்காரியின் முறை. அந்தக் காசில் மகனுக்குக் கட்டில் வாங்க இருந்தாள். அவளிடம் கேட்பதற்கு, அந்த அறைக்குள் போனதைவிட எனக்குக் கால் கூசியது. வெள்ளிக்கிழமைக் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு வெள்ளியா? எங்களுக்குச் செவ்வாய்," என்றாள். செவ்வாய்க்கிழமை அவர்கள் ஒன்றும் தொடங்கமாட்டார்களாம். எங்களுக்கும் செவ்வாய் அவ்வளவு நல்லதில்லை என்று நான் சொன்னேன். "அப்ப இன்றைக்கே முடிப்போம்," என்று சொல்லி, மேற்சட்டைப் பையில் இருந்ததை அப்படியே எடுத்து என் கையில் வைத்தாள். மகன் இன்னும் ஒரு மாதம் தம்பியோடு படுப்பான் என்றாள். அவள் கொடுத்ததைக் கண்டு மற்றவர்களும் கொடுத்தார்கள். கன்ரீன்காரி மட்டும் முணுமுணுத்தாள், அவளும் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை அவர்கள் ரயிலேறினார்கள். எனக்கு வேலை, போகவில்லை. என் கணவர் போய் ஏற்றிவிட்டு வந்தார். பதினான்கு பெண்களும் மட்டைகளோடு பெட்டியை நிறைத்துக்கொண்டு பாடினார்களாம். கப்டன் அவரைக் கட்டிப்பிடித்தாளாம். அதை அவர் பத்து வருடமாவது சொல்லித் திரிந்தார்.

ஒன்றும் வெல்லவில்லை. ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி, ஒன்று சமம். அந்தச் சமமான ஆட்டத்தில் கடைசி அடியை எங்கள் பிள்ளை காலால் மறித்தாளாம். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கெந்திக் கெந்தி வந்து எனக்குக் காட்டினாள். மனேச்சர் சொன்னபடி கையெழுத்து வைத்தார். சீட்டு பத்தாம் மாதம்வரை ஒரு சதம் பிசகாமல் ஓடியது. கிரேக்கக்காரியின் மகனுக்குக் கட்டில் வந்தது.

அடுத்த வருடம் சங்கத்தின் செலவுப் புத்தகம் அச்சாகி வந்தபோது, பெண் அணிகளுக்குப் பயணக் காசில் பாதி முன்னதாகக் கொடுக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. எங்கள் பிள்ளை அதில் விரலை வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். கமிட்டிக்கு அதைக் கொண்டுபோனது கப்டன். என்னால் வந்தது என்று நான் சொல்லவில்லை. என்னால் வரவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காசு கொடுக்காத பழக்கத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் யாருக்காவது காசு கொடுக்க இருந்தால், வியாழனே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவேன்.

இவ்வளவும் எழுத மூன்று மாதம் எடுத்தது. என் மகளின் மகள் இப்போது பக்கத்துக் கதிரையில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், தடக்கித் தடக்கி என்றாலும் வாசிப்பாள்.

"பிள்ளை, அந்தப் போனை வைச்சிட்டு இதை ஒருக்கால் எனக்கு வாசிச்சுக் காட்டு. அவளவை அந்தப் பிள்ளையை ஏசுற இடத்திலை மெதுவா வாசி. நான் என்ரை பிழையைச் சின்னனாக்கி எழுதிப்போட்டனோ எண்டு எனக்குக் கேக்கவேணும்."