பம்பின் அடியில் ஒரு பொட்டு

ஒஸ்லோவில் பனிக்காலம் வந்தால் வீதியெங்கும் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு காரைத் தின்றுவிடாமல் கழுவ ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தைக் கழுவ நான். சுழலும் தூரிகைகளிலிருந்து மணலை உதிர்ப்பதும், அடைபட்ட நீர்த்துளைகளைக் கம்பியால் குத்தித் திறப்பதும், சேற்றுக்குழியை அள்ளுவதும்தான் என் உத்தியோகம். தொலைபேசியில் சொன்னபோது, "கழுவுற மெசினைக் கழுவவா கடல் தாண்டிப் போனே?" என்று அக்கா சிரித்தாள். எனக்கு இதில் வெட்கமில்லை. ராமையா அண்ணனோடு வேலை செய்தவன் நான்.

கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகும் வீதியில், கார் கழுவும் சேர்விஸ் ஸ்டேசன் ஒன்றில் நாங்கள் இருவர்தான் தமிழர். முதலாளி சிங்களவர். அண்ணன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருவார். மாலையில் தண்ணீர்ப் பம்பைத் துடைத்து, வடிகட்டியை அலசி, ஹோஸைச் சுருட்டி வைக்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். ஆயுதபூசையன்று பம்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார்.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த வருடம் கண்டியில் எரிந்த கடைகளின் கரி சுவரைவிட்டுப் போகவில்லை. நம் பெண்கள் பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். இந்த முறை எதிலும் பொட்டு வைக்க வேண்டாம், யாராவது கண்டால் இடத்தோடு உங்களையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள் என்றார் முதலாளி. அவர் சொன்னதில் தப்பில்லை. அண்ணனும் தலையாட்டினார். ஆனால் பூசையன்று எல்லாவற்றையும் கழுவி முடித்தபின், ஈரச் சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்து, இரும்புச் சட்டத்தின்மேல் இருந்த பம்பின் அடிப்பக்கத்தில் பொட்டு வைத்தார்.

"நமக்குச் சோறு போடுற சாமானு. வெறும் நெத்தியா விட மனசு வரலடா," என்றார்.

யாராவது வருகிறார்களா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகும் அவர் வருடம் தவறாமல் அங்கேயே வைத்தார்.

யுத்தம் முற்றிய காலத்தில், ஒரு வருடம் பூசை முடிந்த மறுநாளே சிப்பாய்கள் குண்டு தேடி வந்தார்கள். கம்பில் கட்டிய கண்ணாடியை ஒவ்வொன்றின் அடியிலும் விட்டுப் பார்த்தார்கள். பம்பின் அடியில் கண்ணாடி நின்றது. இந்தச் சிவப்பும் மஞ்சளும் என்ன, யார் வைத்தது என்று கேட்டான் ஒருவன். அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போனவன் எப்போது திரும்புவான் என்று எவராலும் சொல்ல முடியாது.

முதலாளி முன்னே வந்தார். நான்தான் வைத்தேன், கதிர்காமத் தெய்வத்துக்கு என் நேர்த்தி என்று சிங்களத்தில் சொன்னார். நம் முருகனான அந்தத் தெய்வத்தைச் சிங்களவர்களும் கும்பிடுவார்கள். சிப்பாய் கண்ணாடியை இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

ஜீப் போனபின் முதலாளி தன் அரைகுறைத் தமிழில், "ராமையா, அடுத்த வருசம் இன்னும் உள்ளுக்கு வை," என்றார். எத்தனை வருடமாக அவருக்குத் தெரியுமோ, நாங்கள் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இந்த வருடம் ஆயுதபூசைக்கு இங்கே இயந்திரத்தின் முகப்பிலேயே பெரிதாகப் பொட்டு வைத்தேன். மேலாளர் இங்கர் அதைத் துரு என்று எண்ணி மெக்கானிக்கைக் கூப்பிடப் போனாள். எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் விளக்கினேன். இயந்திரத்துக்குப் பிறந்தநாள் என்று விளங்கிக்கொண்டு கேக் வாங்கி வந்தாள். அழிக்காதே, எல்லாரும் பார்க்கட்டும் என்றாள். சந்தோசமாகத்தான் இருந்தது. கேக்கைத் தின்று அவள் போனதும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஈரத் தரையில் படுத்து அடியிலும் ஒன்று வைத்தேன்.