நார்சா வாழைப்பழம்

ஜுனைதாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒற்றைப் பையோடு புத்தளத்தில் வந்து இறங்கிய நாள் முதல், ஊரார் நீட்டியதை இரு கையாலும் வாங்கித்தான் அவள் பிழைத்தாள். கொடுத்ததை மறுப்பது திமிர் பிடித்தவர் வேலை என்று நினைப்பாள்.

உப்பளத்துக் கூலி வேலையில் நான்கு வருடமாக அவள் முகம் திடீர் திடீரென்று சிவந்தது. வயிறு நாளுக்குப் பத்துத் தடவை போனது. எல்லாரும் வெயில் என்றார்கள். மழை நாளிலும் சிவந்ததை ஒருவரும் கேட்கவில்லை. சிறுகுடலில் புற்றுநோய்க் கட்டி என்று கடைசியில் கொழும்பில்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கட்டி ஏதோ ஒரு சுரப்பைக் கொட்டுகிறதாம். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் அதன் அளவு தெரியும். அதைப் பார்த்துத்தான் ஊசி தொடங்குவார்கள். சேர்க்கும் நாளோடு சேர்த்து மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி தொடக் கூடாது, தொட்டால் அளவு பொய்யாக ஏறும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

இரண்டு நாள் வாயைக் கட்டினாள். மூன்றாம் நாள் கணவனின் அக்கா ஹாஜரா, அவளுடைய சுகத்துக்காகவே நபி புகழ் பாடும் மௌலூது ஓதுவித்து, ஓதி முடித்துப் பங்கிடும் நார்சாத் தட்டோடு வந்து நின்றாள். நெய்ச்சோற்றுக்கு மேல் இரண்டு வாழைப்பழம். ஓதிய பழம் என்ன செய்துவிடப் போகிறது? ஜுனைதா தின்றாள்.

சிறுநீர் சேர்த்த கேனைப் பையில் மறைத்து, நான்கு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். என்ன சாப்பிட்டாய் என்று டொக்டர் கேட்டபோது பொய் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னாள். கேனை அப்படியே கவிழ்த்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்கள். திரும்பும் வழியெல்லாம் ஆத்திரமாக வந்தது. பகைவர் கெடுத்தால் ஏசலாம், தனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டவரை எப்படி ஏசுவது?

நடந்ததையெல்லாம் ஹாஜராவிடம் சொன்னாள். அவள் நம்பினால்தானே. மறுமுறையும் மூன்றாம் நாள், முன்னதைவிடப் பெரிய தட்டோடு வந்தாள்.

"ஓதின பழம் கெடுதி செய்யாது ஜுனைதா. ரெண்டு வாய் தின்னுங்க."

ஜுனைதாவின் முகம் சிவந்தது. நோயா கோபமா, அவளுக்கே விளங்கவில்லை. இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"துஆவ மட்டும் தாங்க மதினி. பழத்தக் கொண்டு போங்க."

ஹாஜரா அழுதுகொண்டே போனாள். கூப்பிட்டுச் சமாதானம் சொல்லும் வார்த்தை ஜுனைதாவின் வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல், கேனை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.