மழைக்கும் மன்னிப்புக் கேட்டவள்

செவ்வாய்க்கிழமை காலையில் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பவளத்தின் புருஷன் சந்தனம் அழைத்தார். "அக்கா, பவளம் போயிருச்சு." சற்று நேரம் அழுதார். பிறகு, "நேத்து சாயங்காலங்கூட மப்ளர் கட்டாம வந்தேன்னு என்னையப் புடிச்சுத் திட்டுச்சுக்கா" என்றார். அந்தத் திட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்புத்தளையில் என் தையல்கடைக்கு அவள் வந்த புதிதில் பார்த்தவர்களுக்கே புரியும்.

பதினோரு வருடம் முதல் புருஷனிடம் அடிவாங்கி, ஒரே ஒரு பையோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவள். எதற்கும் மன்னிப்புக் கேட்பாள். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் கேட்பாள். ஊசி உடைந்தால் மெஷினிடம் கேட்பாள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. "மன்னிச்சிருங்க, நான் துணி காயப்போட்டேன்ல, அதான்" என்றாள். அப்புத்தளை மழைக்கு அவள் தயவு தேவையில்லை என்று வாடிக்கையாளர்கள் விளக்க வேண்டியிருந்தது.

ஆட்டோவில் பாண் ரொட்டி விற்கும் சந்தனம் அப்போதே முதல் மனைவியை இழந்திருந்தார். அவளைப் பெண் கேட்டுக் கடைக்கே வந்தார். பவளம் தன் குறைகளை அடுக்கினாள்.

"கொழம்புல உப்பு கூடிரும்."

"எனக்கு பிரஷர். தண்ணி ஊத்திக்குவேன்."

"கொறட்ட விடுவேன்."

"என் ஆட்டோ சத்தத்தக் கேட்டிருக்கீங்களா?"

அவள் குரல் இறங்கியது. "இத்தன வருசம் ஒருத்தன் அடிச்சிருக்கான். அப்ப எங்கிட்ட என்னமோ இருக்குங்க. ஒங்களுக்கு நல்ல பொம்பளையா கெடைக்கும்."

சந்தனம் யோசித்தார். "பெரகல சந்தியில ஓரமா நிப்பாட்டியிருந்த என் ஆட்டோவ லொறி வந்து இடிச்சுச்சு. பொலிஸுல லொறிக்காரனத்தான் புடிச்சாங்க. ஆட்டோவ யாரும் ஒண்ணும் கேக்கலையே."

நான் சிரித்துவிட்டேன். பவளம் அழுதாள். அழுததற்கும் மன்னிப்புக் கேட்டாள். எட்டு மாதம் கழித்துத்தான் சரி என்றாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சோறு தீய்ந்துவிட்டது. இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றாளாம். சந்தனம் கிட்டே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லதாப் போச்சு. மிஞ்சுன பாண யாரு திங்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன்." மூன்று நாள் இருவரும் பாண்தான் தின்றார்கள்.

ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அவள் வந்த புதிதில், "ரெண்டு கையும் தட்டுனாத்தானே சத்தம் வரும்" என்று அவளிடம் சொன்னவள் நான். அப்போது தலையாட்டிக்கொண்டாள். போன வருடம், பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க அன்னைக்குச் சொன்னது தப்பு. அறையிறதுக்கு ஒரு கை போதும்."

இம்முறை மன்னிப்புக் கேட்டது நான். "சரி, சரி" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

வீங்கிய முகத்தோடு கடைக்கு வரும் பெண்கள் இப்போதும் உண்டு. "நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன் போலக்கா" என்றுதான் தொடங்குவார்கள். பவளத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி. பழமொழியை விட்டுவிட்டேன், அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.