கரடிக் கரையில் புளியோதரை

என் கணவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்ட்டில் எங்கள் டாக்டரையும் மருந்துக் கடைக்காரரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. "ஊரெல்லாம் டமாரம் அடிக்கணுமா?" என்பார். இன்சுலின் ஊசிகூட பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான். அந்த வறட்டு கௌரவத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போன கோடையில் அலாஸ்கா போனோம். நாங்கள் இரண்டு பேர், பதிமூன்று வயது மகள்.

இருபது பேர் மட்டுமே போகிற சின்னக் கப்பல் அது. மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கிப்போகும் இடுக்குகளுக்குள் புகுந்து, தினமும் ரப்பர் படகில் ஏதாவது ஒரு காட்டோரம் இறக்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் காலை உணவின்போது வழிகாட்டிப் பெண் கறாராகச் சொன்னாள். இன்று போவது கரடிகள் மீன் பிடிக்க வரும் ஆற்றுமுகம். தின்கிற பொருள் எதுவும் கரைக்கு வரக்கூடாது, சூயிங் கம்கூட. மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்த கரடி அப்புறம் மனிதர்களையே தேடி வரும்; கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிவிடும். உடம்புக்காக ஏதாவது தேவைப்படுகிறவர்கள் தன்னிடம் கொடுத்தால், வாசனை கசியாத டப்பாவில் தானே வைத்துக்கொள்வாள்.

நான் இவரை முழங்கையால் இடித்தேன். "சொல்லுங்க."

"மூணு மணி நேரம்தானே? ஒண்ணும் ஆகாது. சும்மா இரு."

ஒன்றும் ஆகாதாம்! போன வருடம் ஒரு கடை வாசலில் சர்க்கரை இறங்கி, சட்டை நனைய வியர்த்து, என் மேலேயே சரிந்த மனுஷன். அறையில் குளுக்கோஸ் மாத்திரை இருந்தது. ஆனால் மாத்திரையை நம்பி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு மனசு வராது. சோறுதான் வேண்டும். ஊரிலிருந்து கொண்டு வந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தேன். கப்பல் சமையல்காரரிடம் வெறும் சாதம் கேட்டு வாங்கி, நல்லெண்ணெய் மிதக்கப் பிசைந்து, ஃபாயிலில் மடித்து, குளிர் ஜாக்கெட்டின் உள்பையில் செருகிக்கொண்டேன்.

கரையில் இடுப்பளவு புல். அரை மணி நேரம் நடந்திருப்போம். புதருக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கரடி வெளியே வந்தது. பின்னங்கால்களில் எழுந்து நின்று, மூக்கைத் தூக்கி, எங்கள் பக்கம் திரும்பியது.

"ஒன்றாகச் சேருங்கள். ஓடாதீர்கள்," என்றாள் வழிகாட்டி. எல்லாரும் படகை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தோம். கரடியும் வந்தது. நாங்கள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

"யாரிடமாவது சாப்பாடு இருக்கிறதா?" ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். என் முறை வந்தது. அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் திருடி மாதிரி மாட்டிக்கொள்வதா? "இல்லை," என்றேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகை நெருங்கும்போது கரடி இன்னும் கிட்டே வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் என் மகள் நின்றிருந்தாள். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும்தான் கை தானாக உள்பைக்குப் போய், பொட்டலத்தை எடுத்துக் கரடிப் பக்கம் ஓங்கியது.

"எறியாதீர்கள்! என்னிடம் கொடுங்கள்." வழிகாட்டி பாய்ந்து வந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஃபாயில் கிழிந்து ஒரு பிடி சோறு கூழாங்கல்லில் கொட்டியது. பொறுக்கக் குனிந்தேன். காலரைப் பிடித்து இழுத்துப் படகுப் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு மிளகாய் ஸ்ப்ரேயை நீட்டிப் பிடித்தபடி, கத்திக்கொண்டே பின்வாங்கி, கடைசி ஆளாக ஏறினாள்.

படகு நகர்ந்ததும் கரடி அந்த இடத்துக்கு வந்தது. கல் கல்லாக நக்கியது.

கப்பலுக்கு வந்ததும் இவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "எனக்குச் சர்க்கரை வியாதி. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்," என்றார். வழிகாட்டி தன் டப்பாவைத் திறந்து காட்டினாள். என் பொட்டலத்துக்கு அடியில் வேறு இரண்டு பயணிகளின் பெயர் எழுதிய பிஸ்கட் பைகள். அவர்களுக்கும் சர்க்கரைதானாம். கரடியை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வன அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அறையில் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் உங்கப்பாவுக்காகத்தான்டி செஞ்சேன். சாப்பாடு இல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று ஆரம்பித்தேன்.

அவள் வழக்கம்போல இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். "சாப்பாடு கொண்டுவந்ததைப் பற்றி நான் பேசவில்லை. அந்தப் பெண் கேட்டபோது கரடிப் பக்கம் நின்றது நான். நீ என்னைப் பார்த்துவிட்டுத்தானே இல்லை என்றாய்?"

ஆமாம், பார்த்தேன்.