ஒரு தட்டு வேர்க்கடலையும் ஒரு கப்பலும்

போன ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டில் ஒரு தட்டு வறுத்த வேர்க்கடலை சாப்பிட்டேன். நல்ல ருசி. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

வயிறு இல்லை... மனசு. வேர்க்கடலை தின்று வயிறு கெட்டவர்கள் நிறைய உண்டு. மனசு கெட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி. பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் அவருக்கு மேட்டு நிலம். ஆடியில் மழையைப் பார்த்து வேர்க்கடலை போடுவார். அறுவடை ஆனதும் அதில் ஒரு பங்கை பூந்தமல்லி மில்லில் ஆட்டி, எண்ணெயை டின்னில் அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கு வருவார். ஒரு வருஷத்துக்கு வேண்டிய எண்ணெய். பாதித் தெரு அவருக்கு வாடிக்கை. மீதிக் கடலையை மில்காரரே வாங்கிக்கொள்வார்.

அப்புறம்தான் அந்த எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. உங்களுக்கு மறந்திருக்காது. கடைக்காரர் எண்ணெய் என்றாலே சிரித்தார். அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வெளிநாட்டுப் பாமாயில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ரேஷன் கடையில் கியூ நின்றோம், வாங்கினோம். நான் சும்மா இருந்தேனா? இதே பக்கத்தில் பாமாயிலுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமே வாசித்தேன் — 'கதவைத் திறந்தார்கள், எங்கள் வீட்டு வாணலியில் பஜ்ஜி மிதக்கிறது' என்று. வாசகிகளிடமிருந்து அத்தனை கடிதம்! இந்தப் பகுதிக்கு அவ்வளவு பாராட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஏகாம்பரத்திடம் டின் வாங்குவதை நிறுத்தினார்கள். முதலில் நிறுத்தியது எங்கள் வீடுதான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஏகாம்பரம் வந்தார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. சந்தேகம்.

"சார், நீங்க எழுதினத எம் பொண்ணு படிச்சுக் காட்டிச்சு. நல்லாத்தான் கீது. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கப்பல் இத்தோட நின்னுடுமா, இன்னும் வருமா?"

மில்காரர் கடலைக்கு அடிமாட்டு விலை கேட்கிறாராம். ஏனென்றால், "இன்னொரு கப்பல் வருது" என்கிறாராம். கப்பல் வருவது நிஜம் என்றால் வந்த விலைக்கு இப்போதே தள்ளிவிட வேண்டும். பொய் என்றால் பொங்கல் வரை மூட்டையை வைத்திருக்கலாம். அந்த வருஷ விளைச்சல் முழுக்க வீட்டுக்குள் அடுக்கி இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை, சமையல் எல்லாம்.

"நேர்லயே போயி பாத்துட்டா இன்னா சார்?" என்றார்.

ஏகாம்பரம் அப்படித்தான். மழை வருமா என்றால் ரேடியோவை நம்பமாட்டார், வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். கடலை முற்றிவிட்டதா என்றால் ஒரு செடியைப் பிடுங்கி, ஓட்டை உடைத்துப் பார்ப்பார். கப்பலையும் பார்த்துவிட்டால் தீர்ந்தது!

எனக்கு யோசனை பிடித்துப்போயிற்று. என் மைத்துனன் துறைமுகத்தில் குமாஸ்தா. பாஸ் வாங்கிக் கொடுத்து, எங்களை உள்ளே விட்டுவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய்ப் பீப்பாய் தேடி வெயிலில் நடந்தோம். ஒரு கப்பலிலிருந்து கோதுமை மூட்டை இறங்கியது. இன்னொன்றில் இரும்பு. பீப்பாய்? ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கப்பல் சும்மா நின்றது. ஆளும் இல்லை, கிரேனும் இல்லை. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் தடியாக ஒரு குழாய் மட்டும் கிடந்தது.

"இன்னா சார் அது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து... எம்.ஏ. படித்தவனுக்கு வாயில் வருமா?

"தண்ணி ஏத்தறாங்க. மாசக்கணக்குல கடல்ல போகணும், குடிக்கத் தண்ணி வேணாமா?"

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மில்காரன் புளுகறான்!"

"தைரியமா வச்சிருங்க. பொங்கலுக்கு அவரே உங்க வீடு தேடி வருவார்" என்றேன். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.

பொங்கல் வந்தது. மில்காரர் வரவில்லை. முன்பு கேட்ட அடிமாட்டு விலையே சொர்க்கம் என்கிற அளவுக்கு விலை இறங்கியது. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது மைத்துனனிடம் புலம்பினேன் — நாங்கள் வந்த அன்று ஒரு பீப்பாய்கூட இல்லையே என்று. அவன் பந்தியில் சிரித்த சிரிப்பில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணெய் எங்க மாமா பீப்பாய்ல வருது? கப்பல் வயிறு பூரா எண்ணெய். குழாய் போட்டு உறிஞ்சி கரையில இருக்கிற டேங்குக்கு விடுவோம். நீங்க வந்த அன்னிக்குக்கூட ஒண்ணு நின்னுதே!"

மறுநாளே போய் ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

"மழ வரலேன்னா சாமியத் திட்டலாம் சார். கப்பல் வந்தா யாரத் திட்றது?" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பாதி மூட்டை வண்டு விழுந்து, மீதி போன விலைக்குப் போயிற்று.

கதவைத் திறந்தது தப்பா? எப்படிச் சொல்வது? எத்தனையோ ஏழை வீடுகளில் தாளிப்பு நின்றுபோயிருந்தது நிஜம்தானே? ஆனால், திறக்கப் போகிறோம் என்று ஆடி மாதம் ஏகாம்பரத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மேட்டில் கேழ்வரகு போட்டிருப்பார். விதைத்து, களை எடுத்து, பிடுங்கி, காயவைத்த பிறகு கப்பலை விட்டால் அந்த மனிதர் செடியைத் திரும்ப மண்ணுக்குள்ளா வைக்க முடியும்?

அந்தக் கேள்வியை நான் அப்போதே எழுதவில்லை. பஜ்ஜியைப் பற்றித்தான் எழுதினேன்.

இந்த ஆடியில் மழை நன்றாகப் பெய்தது, கவனித்தீர்களா? என் மனைவியே சொன்னாள் — "ஏகாம்பரத்துக்கிட்ட இந்த வருஷம் நமக்கு ரெண்டு டின் வேணும்னு சொல்லிட்டு வாங்க." ஏதோ பிராயச்சித்தம் செய்யப்போகிறவன் மாதிரி உற்சாகமாகக் கிளம்பினேன்.

ஏகாம்பரம் வீட்டில் இல்லை. அவர் மனைவி கன்னியம்மா உட்காரச் சொல்லி ஒரு தட்டு நிறைய வறுத்த கடலை வைத்தார். சூடு ஆறவில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே பருமன். ஓட்டை உடைக்கிற இடத்திலெல்லாம் முழுப் பருப்பு.

"ஒரு சொத்தைகூட இல்லையேம்மா!" என்றேன், வாயில் கடலையோடு.

அந்த நேரம் ஏகாம்பரம் வந்தார். காக்கிச் சட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம்.

"சொத்த எப்டி சார் இருக்கும்? வெதைக்குன்னு பொறுக்கி வச்சது."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அந்த வீட்டில் விதைக் கடலையைத் தனிப் பானையில் வேப்பிலை போட்டு மூடி வைப்பார்கள். பட்டினி என்றாலும் அதில் கைவைக்க மாட்டார்கள். பெற்ற பெண் கேட்டாலும் ஒன்று எடுத்துத் தரமாட்டார்கள்.

"மழைதான் பெய்ஞ்சுதே..." என்று இழுத்தேன்.

"பெய்ஞ்சிது சார். வெளஞ்சா யாரு வாங்கறது? மேட்டுல பிளாட்டுக் கல்லு நடலாம்னு ஒருத்தர் கேட்டுகினு கீறார். வெதைய இன்னா பண்றது, அதான் வறுத்துடுன்னு சொல்லிட்டேன்."

கன்னியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா கீதா சார்?" என்றார்.

நல்லா இருக்கு என்று தலையாட்டினேன். டின் விஷயத்தை நான் எடுக்கவே இல்லை.

துறைமுகத்தில் குழாயைப் பார்த்து 'தண்ணி' என்று சொன்னதும் இதே வாய்தான்!