கைகாட்டி மாமாவின் மூன்று தேர்வுகள்

என் தாயின் ஒரே தம்பியைப் பற்றிய குறிப்பு இது. அம்மாவைவிட நான்கு வயது இளையவர். பத்தொன்பதாம் வயதில் ஓட்டுநர் உரிமம் பெற்றார். முதலில் ஒரு ரொட்டிக் கடையின் வேன் ஓட்டினார்; பிறகு மருத்துவமனை ஒன்றின் சிற்றுந்து. ரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே நோயாளிகளையும் உடன் வருபவர்களையும் ஏற்றி இறக்குவது அவர் வேலை. மணமானவர், பிள்ளைகள் இல்லை. கண்ணாடி அணியத் தொடங்கியது நாற்பத்தாறாம் வயதில். ஐம்பத்தோராம் வயது வரை அவர் ஓட்டிய வண்டி எவர்மீதும் மோதியதில்லை. அதற்குப் பிறகும் மோதவில்லை. இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இனி வருபவை அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் சொல்லக் கேட்டவை. இருவரும் எங்கே மாறுபடுகிறார்களோ, அங்கே அதையும் குறித்திருக்கிறேன்.

குடும்பத்தில் மாமாவுக்குக் 'கைகாட்டி' என்று பெயர். சாலையோரத்தில் ஒருவர் நிற்பதைக் கண்டால் போதும், வண்டியை நிறுத்திவிடுவார். அத்துடன் விடமாட்டார். வலக்கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து, விருந்தினரை உள்ளே அழைக்கும் வீட்டுக்காரரைப் போல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வீச்சு வீசுவார். வாயும் சும்மா இருக்காது. "போங்க, போங்க, நிதானமாப் போங்க" என்று மூடிய கண்ணாடிக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். சாலையைக் கடக்கும் எண்ணமே இல்லாமல் பேருந்துக்காக நிற்பவர்கள்கூட, அவர் முகம் வாடக் கூடாது என்று ஒருமுறை கடந்துவிட்டு, வண்டி போனபின் திரும்பி வருவார்கள் என்பது அத்தையின் கூற்று. இதற்கு வேறு சான்று கிடைக்கவில்லை.

"நடந்து போறவங்களுக்கு நாமதான் மரியாதை கொடுக்கணும்" என்பார் மாமா.

"மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை" என்பார் அத்தை. "போறவங்க திரும்பி ஒரு சிரிப்பு சிரிக்கணும். அதுக்காகத்தான் இந்தக் கை."

மாமாவின் ஐம்பத்தோராம் வயதில், மருத்துவமனையைச் சுற்றியிருந்த தெருக்களை நகராட்சி மெதுவேகப் பகுதியாக அறிவித்தது. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் எந்த வண்டியும் போகக் கூடாது. தெருவின் எந்த இடத்திலும் நடப்பவருக்கே முதல் உரிமை. கடக்க நிற்பவரைக் கண்டால், அவருக்கு நன்றாகத் தெரியும்படி முன்னதாகவே வண்டியை நிறுத்த வேண்டும். நின்ற வண்டியை முந்தக் கூடாது. நடப்பவரை விரட்ட ஹாரன் அடிக்கக் கூடாது. மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். "இருபதுல போனா சக்கரத்துல சிலந்தி கூடு கட்டிடும்" என்றார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மாமாவுக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி.

"இத்தனை வருஷம் கழிச்சு ஊரே என் வழிக்கு வந்திருக்குப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர்களுக்குக் கொடுத்த சிறு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மேலும் ஒரு விதி இருந்தது. கடக்கும்படி ஓட்டுநர் சைகை காட்டக் கூடாது. எப்போது கடப்பது என்பதை நடப்பவரே சாலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மாமா அதை இரண்டு முறை படித்தார். அச்சுப்பிழை என்று முடிவு கட்டினார்.

"வீட்டு வாசல்ல ஒருத்தர் வந்து நிக்கறார். கதவைத் திறந்து வச்சிட்டு, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்?" என்று அத்தையிடம் கேட்டார்.

"அவங்க உங்க வீட்டுக்கா வர்றாங்க? எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குப் போறாங்க" என்றார் அத்தை.

விதி நடைமுறைக்கு வந்த நான்காம் மாதத்தில் அது நடந்தது. அதைச் சொல்லுமுன், என் தாய் சாலையைக் கடக்கும் முறையைச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் பார்ப்பார், இடப்பக்கம் பார்ப்பார், மீண்டும் வலப்பக்கம் பார்ப்பார். தெருவில் ஒரு வண்டியும் இல்லையென்றால் சந்தேகம் வந்து இன்னொரு முறை பார்ப்பார். அவருடன் கடைத்தெருவுக்குப் போய்வருவதற்குள் போன காரியம் மறந்துபோகும் என்று மாமாவே கேலி செய்வதுண்டு.

அன்று அம்மா காய்கறிப் பையுடன் மருத்துவமனை வாசலில், மருந்துக் கடையின் எதிரே நின்றிருந்தார். வந்தது மாமாவின் சிற்றுந்து. சொந்த அக்காவே சாலையோரத்தில் நிற்கும்போது கை எப்படிச் சும்மா இருக்கும்? வழக்கத்தைவிடப் பெரிய வீச்சாக வீசினார். அம்மா சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தார். வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தை மட்டும் பார்த்தார். தம்பியும் அக்காவின் முகத்தை மட்டும் பார்த்தார். நின்ற சிற்றுந்தைப் பக்கவாட்டில் முந்திக்கொண்டு வந்த பார்சல் ஸ்கூட்டரை இருவரும் பார்க்கவில்லை. அதன் கைப்பிடி காய்கறிப் பையில் மாட்டி இழுத்தது. அம்மா விழுந்தார். தக்காளி தெருவெங்கும் ஓடியது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மருத்துவமனை வாசலிலேயே விழுந்ததால் சிகிச்சைக்குத் தாமதமில்லை. கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில், அம்மாவின் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, பக்கத்துக் கண்ணாடியில ஒரு தடவை பார்த்திருந்தாக்கூட ஸ்கூட்டர் தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கலையே அக்கா."

"டேய், உன் கையை நம்பினேன், என் கை போச்சு. அவ்வளவுதான். அழாதே. உனக்குத்தான் கட்டுப் போடணும்னு நினைச்சு நர்ஸ் உள்ள கூட்டிட்டுப் போயிடப் போறாங்க."

ஸ்கூட்டர்காரரின் உரிமம் முடக்கப்பட்டது, அது நியாயமே. விசாரணைக்கு வந்த அதிகாரி மாமாவிடம் கேட்டது வண்டியை எங்கே நிறுத்தினார் என்பதை மட்டும்தான். மாமாவோ, "நான்தான் சார் கை காட்டினேன். அதனாலதான் அவங்க இறங்கினாங்க" என்று கேளாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். முடிவு எழுத்தில் வந்தது. மெதுவேகப் பகுதியில் புதிதாக வண்டி ஓட்டிக் காட்டி ஓட்டுநர் தேர்வில் தேறும் வரை அவர் பயணிகளை ஏற்றக் கூடாது. வாய்ப்பு மூன்று முறை. மூன்றிலும் தவறினால் பயணிகள் வண்டி அவருக்கு இனி இல்லை. மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க நாள் முழுக்கக் கை காட்டலாம். உங்களுக்குன்னே பார்த்துப் பார்த்துச் செஞ்ச வேலை" என்றார் அத்தை. மாமா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து அத்தையும் நிறுத்திக்கொண்டார்.

"நாற்காலியில உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கறவனா நான்? ஸ்டேஷன்ல இறங்கறப்பவே என் வண்டி எங்கன்னு தேடுவாங்க தெரியுமா? முன்சீட் எனக்குன்னு சண்டை போட்டு ஏறுவாங்க" என்றார் மாமா.  அது உண்மை.

முதல் தேர்வு. தேர்வாளர் குறைவாகப் பேசும் ஒரு பெண்மணி. வண்டி புறப்பட்டு முதல் திருப்பம் கடந்தது. கைத்தடியுடன் ஒரு முதியவர் நின்றார். மாமா உரிய தூரத்தில் அழகாக நிறுத்தினார். கை தானாக எழுந்து வீசியது.

"கையை எடுத்தீங்க" என்றார் தேர்வாளர்.

"வயசானவர் மேடம்."

"வயசானவர்தான். ஓரமா நிறுத்துங்க. இறங்கிக்கலாம்."

இரண்டாம் தேர்வுக்கு மாமா உறுதியுடன் போனார். ஸ்டீரிங்கை இரு கைகளாலும் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. மூன்று இடங்களில் நிறுத்தினார், கை அசையவில்லை. நான்காவது இடத்தில் கைக்குழந்தையுடன் ஒரு பெண். மாமாவின் புருவம் உயர்ந்தது. முகவாய் முன்னால் நீண்டது. தலை, 'போம்மா' என்பதுபோல ஒருமுறை சாய்ந்தது. அந்தப் பெண்ணும் தெருவைப் பார்க்காமல் இறங்கிவிட்டார்.

"கை காட்டலையே மேடம்!"

"கையைத் தவிர மத்த எல்லாத்தையும் காட்டினீங்க" என்றார் தேர்வாளர்.

அதன்பின் சில நாட்கள் மாமா எங்கும் நடந்தே போனார். ஒருநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வீடு திரும்பினார்.

"இன்னிக்கு ஒரு கார்க்காரர் எனக்காக நிறுத்திக் கை காட்டினார். தங்கமான மனுஷன். உலகத்துல இன்னும் நல்லவங்க இருக்காங்க."

"நீங்க ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே இறங்கினீங்க?" என்று கேட்டார் அத்தை.

மாமா செருப்பைக் கழற்றுவதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

மூன்றாம் தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, மாமாவின் பழைய காரில் பயிற்சி நடந்தது. இடம், அவர்கள் வீட்டுத் தெரு. ஓட்டுநர் இருக்கையில் மாமா. பக்கத்தில் அத்தை, கையில் மரக்கரண்டி. நடப்பவராக வந்தது, கட்டுப் பிரிக்கப்படாத இடக்கையுடன் என் தாய். தெருமுனை வரை கார் போய்த் திரும்பி வரும், அம்மா ஓரத்தில் நிற்பார், மாமா நிறுத்துவார், கை எழும், கரண்டி இறங்கும். எட்டுச் சுற்றுக்கு மேல் நடந்தது என்கிறார் அம்மா. ஐந்தோடு முடிந்தது, அம்மாவுக்குத்தான் கால் வலித்தது என்கிறார் அத்தை. மொட்டை மாடிகளில் துணி காயப் போட வந்தவர்கள் போகாமல் நின்றுவிட்டதை இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

கடைசியில் மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"நான் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தா, தங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கேன்னு அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இவ்வளவு பெரிய வண்டி நிக்குதே, அது தெரியாதா? முன்னாடியே நிறுத்து, முழுசா நிறுத்து. அதைவிடவா உன் கை பெரிசு?" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதக் கேளுடா. நீ கூப்பிட்டா நான் உன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். தம்பி பார்த்துக்குவான்னு இறங்கிடுவேன். அன்னிக்கு அதான் ஆச்சு. நீ கூப்பிடாம இருந்தேன்னா, நான் தெருவைப் பார்ப்பேன். என்னைத் தெருவைப் பார்க்க விடுடா."

 மாமாவின் கண் கலங்கியது என்கிறார் அத்தை. தெருவில் தூசி அதிகம் என்கிறார் அம்மா. மீண்டும் ஏறி உட்கார்ந்தார். அடுத்த சுற்றில் கார் வெகு முன்னதாகவே நின்றது. மாமாவின் கண்கள் அம்மாவிடம் தங்காமல் பக்கத்துக் கண்ணாடிக்குப் போயின. அம்மா வலம் பார்த்தார், இடம் பார்த்தார், மீண்டும் வலம் பார்த்தார், பிறகு கடந்தார். அத்தை கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் தேர்வு நாள் வந்தது. பாதித் தூரம் ஒரு குறையும் இல்லை. மருத்துவமனையின் காசாளர் அலுவலகத்தின் எதிரே, குடை வைத்திருந்த ஒரு பெரியவர் சாலையோரம் நின்றார். மாமா முன்னதாகவே, முழுமையாக நிறுத்தினார். பெரியவர் இறங்கவில்லை. மாமாவைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வீச்சு வீசினார். "நீங்க போங்க, போங்க!"

தன் வாழ்நாளில் இப்படி ஓர் இணையான ஆளை மாமா சந்தித்ததில்லை. மாமா தனியாக ஓட்டிவந்திருந்தால் இருவரும் பொழுது சாயும் வரை ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இப்போது பக்கத்தில் தேர்வாளர். மாமாவின் கை ஸ்டீரிங்கை விட்டு எழவில்லை. பின்னால் யாரோ, விதியையும் மீறி ஹாரன் அடித்தார். பெரியவர் குடையாலும் வழி காட்டினார். மாமா புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார், எதிரே பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சைக்கிள் ஒன்று பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

உபசாரத்துக்குப் பதில் உபசாரம் வராததைக் கண்ட பெரியவருக்குப் பொறுமை போயிற்று. இனி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். முதன்முறையாக வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். சைக்கிளைக் கண்டு நின்றார். அது போனபின் இறங்கி நடந்தார். திரும்பி ஒரு சிரிப்பு இல்லை. வண்டியின் முகப்பைத் தாண்டும்போது உரக்கவே சொன்னார்:

"என்ன டிரைவரோ! மனுஷன் நிக்கறானே, போங்கன்னு ஒரு வார்த்தை வருதா? மரியாதை தெரியாத ஆளு!"

மாமாவின் முகம் அறைவாங்கியதுபோல் ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தெருக்களில் அவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. கைப்பிரேக்கை விடுவித்து, மெல்ல வண்டியை எடுத்தார்.

"கேட்டீங்களா மேடம்? என்னையப் போய் மரியாதை தெரியாதவன்னு சொல்றார்."

"கேட்டுது" என்றார் தேர்வாளர். தாளில் ஏதோ எழுதினார். "நேரா ஆபீஸுக்கே விடுங்க. மிச்சத் தெரு வேண்டாம். பாஸ்."

வீட்டு வாசலில் அத்தையும், கட்டுப் போட்ட கையுடன் அம்மாவும் காத்திருந்தார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் இருவரும் படியிறங்கி வந்தார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றார் அம்மா.

"நடுத்தெருவுல திட்டு வாங்கினேன் அக்கா."

"போச்சா? அப்ப பாஸ் இல்லையா?" என்றார் அத்தை.

"திட்டு வாங்கினதாலதான் பாஸே."

மறுநாள் காலை முதல் ரயிலுக்கு மாமா சிற்றுந்தை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் பணி ஓய்வு வரை அவர் அதை ஓட்டியது ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.